கண்டியிலிருந்து வந்த மச்சான்

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு புதுக்கோட்டையில் பழைய கார்கள் மலிந்துபோயின. பெரிய வீடுகளின் கொட்டகைகளில் துணி போர்த்திக் கிடந்த சீமைக் கார்களை ஒவ்வொன்றாக வெளியே தள்ளி விலை பேசினார்கள். வாங்கியவர்கள் அரிசி மில்லுக்காரர்கள், கடலை வியாபாரிகள், கண்டிராக்டர்கள். பெருமைக்குத்தான் வாங்கினார்கள். அந்தக் கார்களோ குளத்தூர் போய்த் திரும்புவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மானத்தை வாங்கின. அதை நம்பித்தான் பங்கிராஸ் திருச்சி ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை போட்டு, 'பங்கிராஸ் மோட்டார் ஒர்க்ஸ்' என்று பலகை மாட்டினான்.

அவன் மனைவி வியாகுலமேரி ஆவூர்க்காரி. கல்யாணத்துக்கு முன்னால் தையல் படித்தவள். ஷெட்டின் பின்சுவரை ஒட்டி ஒற்றை அறை வீடு. தண்ணீர் சுமப்பதும் சமைப்பதும் மகள் ஞானசெல்வியைப் பார்ப்பதுமாக அவள் பொழுது போயிற்று. ஷெட்டுக்குள் அவள் வந்தது சாப்பாட்டுத் தூக்கோடு மட்டும்தான்.

ஐம்பத்து நாலாம் வருஷம் பங்குனியில் அது நடந்தது. சார்ஜில் கிடந்த பாட்டரியைப் பார்க்கப் பங்கிராஸ் குனிந்தபோது ஒயர் உரசிப் பொறி பறந்தது. பாட்டரி வெடித்து உள்ளிருந்த ஆசிட் அவன் முகத்தில் அடித்தது. வலது கண் முழுக்கப் போயிற்று. இடது கண்ணில் வெளிச்சம் எது, இருட்டு எது என்று தெரிகிற அளவுக்கு மட்டும் மிஞ்சியது.

அப்போது ஷெட்டில் ஒரு கண்டிராக்டரின் கார் பிரித்துப் போட்டபடி கிடந்தது. நாலைந்து நாளில் முடித்துத் தராவிட்டால் மாடு கட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று அவர் ஆள் அனுப்பினார். கார் அப்படிப் போனால் இனி எந்தக் காரும் வராது என்பது பங்கிராஸுக்குத் தெரியும். கண்ணில் கட்டோடு நார்க்கட்டிலில் படுத்திருந்தவன் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு ஷெட்டுக்குள் போனான்.

"வியாகுலம், கதவச் சாத்து."

"எதுக்குங்க?"

"சாத்துன்னா சாத்து. சாத்திட்டு இங்கிட்டு வா. ஒன் கையக் குடு."

அவள் கையைப் பிடித்து இன்ஜினின் மேல் வைத்தான். இது இன்னது, இதற்குள் இது இருக்கும், இந்த நட்டு இந்தப் பக்கம்தான் திரும்பும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். தப்பாகச் செய்தபோது கத்தினான். அவள் அழுதுகொண்டே கழற்றி மறுபடி போட்டாள். கெடு தீருவதற்கு ஒரு நாள் முன்பாகக் கார் கிளம்பிவிட்டது.

வண்டியை எடுக்க வந்த கண்டிராக்டர், கட்டுப் போட்ட கண்ணோடு உட்கார்ந்திருந்த பங்கிராஸைப் பார்த்துத் திகைத்தார். "யாருப்பா பாத்தது?" என்றார்.

பங்கிராஸ் முன்கூட்டி யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னான்.

"மச்சான்ங்க. கண்டியில இருந்து வந்திருக்கான். தோட்டத்து லாரியெல்லாம் பாத்தவன். ஞானராஜ்னு பேரு. மூஞ்சில நெருப்புப் பட்டுருச்சு, அதான் ஆளுங்க முன்னாடி வரமாட்டான்."

பொம்பளை கை வைத்த இன்ஜின் என்று தெரிந்தால் ஒருவரும் வண்டி விடமாட்டார்கள் என்று அவன் நினைத்தான். அந்த ஊரில், அந்த வருஷத்தில், அவன் நினைத்ததைத் தப்பென்று சொல்ல முடியாது.

ஒரு காருக்கென்று சொன்ன பொய் அது. அடுத்த கார் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. பங்கிராஸின் காது முன்னைவிடக் கூர்மையாகிவிட்டது. வாசலில் வண்டி வந்து நிற்கும்போதே இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். வண்டியை உள்ளே தள்ளச் சொல்லி, வெளியே பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவான். யாராவது உள்ளே நுழைந்தால் தனக்குத் தெரியாது என்று அவனுக்குப் பயம். வியாகுலமேரி பின்கதவு வழியாக உள்ளே வருவாள். வளையலைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சேலைக்கு மேல் அவனுடைய பழைய சட்டையைப் போட்டுக்கொள்வாள். தகரக் கூரை சித்திரை வைகாசியில் அனலாகக் கொதிக்கும். ஜன்னல் கிடையாது. இரண்டு கூரைத் தகடுகளுக்கு நடுவே கண்ணாடி ஒன்று பதித்திருந்தது, அதில் விழுகிற வெளிச்சம்தான். இருமல் வந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள். வெளியே ஆள் இருந்தால் பேச்சே கூடாது. வேலை முடிந்ததென்றால் மட்கார்டில் ஸ்பேனரால் இரண்டு தட்டு. வாசலில் அவன் அதைக் கேட்டுக்கொண்டு, "மச்சான் முடிச்சிட்டான்" என்பான்.

இல்லாத ஒரு மனிதனை வைத்துக் காப்பது லேசான வேலை இல்லை. கொடியில் அவனுக்கென்று ஒரு வேட்டி காய வேண்டும், அதனால் வாரம் தவறாமல் நல்ல வேட்டி ஒன்றை நனைத்துப் பிழிந்து போட்டாள். மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது மூன்று பேருக்கு வாங்கினாள். பக்கத்து வீட்டில் சின்னப்பிள்ளை என்று ஒருத்தி, இரக்கம் உள்ள பெண்பிள்ளை. வேலி ஓரம் நின்று அடிக்கடி ஞானராஜைப் பற்றி விசாரிப்பாள்.

"பகல்ல வெளிய வர மாட்டாரு, சரி. ஒரு பொண்ணப் பாத்துக் கட்டி வைங்களேன். மூஞ்சி போனா என்ன, கை நல்லாத்தான இருக்கு? ஒங்க வேதத்துலயே எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ள இருக்கு."

"கேட்டுப் பாக்குறேன்க்கா" என்று வியாகுலமேரி சொல்லுவாள். வேறு என்ன சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்காலில் இருக்கும்போது கைகளைச் சேலைக்குள் மறைத்துக்கொள்வாள். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. யாராவது கேட்டால் கரி போட்டுப் பாத்திரம் தேய்க்கிறேன் என்பாள்.

இதையெல்லாம்விட இன்னொன்றுதான் அவளை உறுத்தியது. பங்கிராஸ் மச்சானைப் பற்றிப் பேசும் விதம். சும்மா பேசுவதில்லை, ரசித்துப் பேசுவான். கண்டித் தோட்டத்தில் மலைச் சரிவில் தொங்கிய லாரியை ஞானராஜ் எப்படி மீட்டான், எந்தத் துரை அவன் முதுகில் தட்டிக் கொடுத்தான் என்று வாசலில் உட்கார்ந்து கதை அளப்பான். வந்தவர்கள், "ஒங்க மச்சான் கை ராசியான கை" என்பார்கள். உள்ளே எண்ணெய்ச் சட்டியில் முழங்கை வரை விட்டுக்கொண்டு அவள் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் கூட அந்தப் புகழ்ச்சி முடிந்தபின் அவன் உள்ளே வந்து, அது உனக்குத்தான் என்று சொன்னதில்லை. அதை அவன் மறந்தே போனானோ என்று அவளுக்குத் தோன்றும்.

கண் போன மறுவருஷம் ஞானசெல்விக்கு ஐந்து வயது. ஒருநாள் வாசலில் வந்து நின்ற டாக்ஸி டிரைவரிடம், "எங்கம்மா காருக்கு அடியில படுத்திருக்கு" என்று சொல்லிவிட்டது. டிரைவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் பங்கிராஸுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"பிள்ள வாய எப்படிக் கட்டுறது? ஆவூர்ல ஒங்கக்காகிட்ட விட்டுருவோம். அங்கயே பள்ளிக்கொடத்துல சேத்துடலாம். கொஞ்ச நாளைக்குத்தான்."

அக்கா அற்புதமேரிக்குப் பிள்ளை இல்லை. அவள் ஒருத்திக்குத்தான் உண்மை தெரியும். இரண்டு கையாலும் குழந்தையை வாங்கிக்கொண்டாள். வியாகுலமேரி பஸ் ஏறும்போது குழந்தை அழவில்லை, பெரியம்மா கொடுத்த பனங்கற்கண்டைச் சப்பிக்கொண்டு கையாட்டியது.

அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும்தான் பார்ப்பாள். ஈஸ்டரில் ஆவூரில் தேர். போகும் ஒவ்வொரு முறையும் குழந்தை கொஞ்சம் வளர்ந்திருந்தது, கொஞ்சம் தள்ளி நின்றது. ஒரு வருஷம் மடியில் இழுத்து வைத்துத் தலை வாரும்போது அது திரும்பிப் பார்க்காமல் கேட்டது: "ஏம்மா ஒங்க கை பஸ்ஸு மாதிரி நாறுது?" இன்னொரு வருஷம், வந்திருப்பது யார் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை கேட்டதற்கு, "எங்க புதுக்கோட்டை அம்மா" என்று சொன்னது. அந்த வீட்டில் வெறும் அம்மா என்றால் அது அற்புதமேரி.

திரும்பி வந்து பங்கிராஸிடம் அவள் கேட்டாள். "இத எப்பங்க நிறுத்துறது?"

"நிறுத்திட்டு?"

அவள் யோசித்துப் பார்த்தாள். மச்சான் கண்டிக்கே போய்விட்டான் என்று சொல்லலாம். சொன்னால் வண்டி பார்க்க யார் இருக்கிறார்கள்? நான்தான் பார்த்தேன் என்று சொல்லலாம். சொன்னால் இத்தனை நாள் ஏமாற்றினீர்களா என்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு உள்பக்கமாகவே சாத்தியிருந்தது.

ஐம்பத்தெட்டில் ஐப்பசி மழைக்கு முன்னால் அரிமளத்து அரிசி மில்காரர் ஆத்மநாதன் தன் காரைக் கொண்டுவந்தார். ஒரு காலத்தில் யாரோ பெரிய மனிதர் ஊர்வலம் போன வண்டியாம். நீண்ட மூக்கு, பக்கத்தில் கால் வைத்து ஏறப் பலகை, பித்தளை விளிம்பு போட்ட விளக்குகள். கிளம்பும்போது நன்றாகக் கிளம்பும். சூடேறியதும் இருமும். திருமயம் மேட்டில் ஆள் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும்.

"திருச்சியில ரெண்டு எடத்துல காட்டிட்டேன், பங்கிராஸ். பிளக்க மாத்துனாங்க, கார்பரேட்டரக் கழுவுனாங்க. அப்படியேதான் இருக்கு" என்றார். நல்ல மனிதர். மெதுவாகப் பேசுவார்.

வாசலிலேயே இன்ஜினை ஓட விட்டுச் சூடேறும் வரை பங்கிராஸ் காத்திருந்தான். இருமல் ஆரம்பித்ததும் பானெட்டுக்குள் கையை விட்டு, நாலு பிளக்கின் ஒயர்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினான். முதலாவதைப் பிடுங்கியபோது சத்தம் தளர்ந்தது. இரண்டாவதையும் மூன்றாவதையும் பிடுங்கியபோது எந்த மாற்றமும் இல்லை. நாலாவதில் மறுபடி தளர்ந்தது.

"நடுவுல ரெண்டு சிலிண்டரும் வேல செய்யலைங்க. ரெண்டுக்கும் எடையில உள்ள கேஸ்கெட்டு கருகிப் போயிருக்கு. ஒண்ணோட நெருப்பு இன்னொண்ணுக்குள்ள போகுது. சூடேறுனா வழி விரியுது. ஹெட்டக் கழத்தணும்."

"ஒன் மச்சான் பாப்பாரா?"

"அவன் பாக்காம யாரு பாக்குறது?"

பூட்டிய கதவுக்குப் பின்னால் வியாகுலமேரி வேலையைத் தொடங்கினாள். இன்ஜினின் மேல்மூடியான அந்த ஹெட்டின் நட்டுகளை எல்லாம் கழற்றியும் அது அசையவில்லை. வருஷக்கணக்கான துரு பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. உளி போட்டு நெம்பினால் விரிசல் விட்டுவிடும் என்று பங்கிராஸ் சொல்லியிருந்தான். அவளே யோசித்து, பிளக்குகளைத் திரும்ப மாட்டிவிட்டு முன்னால் போய் ஹாண்டிலைச் சுற்றினாள். உள்ளே அடைபட்ட காற்று மூடியை முட்டித் தூக்கியது. மூடிக்கு அடியில் கசிவை அடைக்கும் கேஸ்கெட் தகடு கறுத்துப்போயிருந்தது. அதில், பங்கிராஸ் சொன்ன அதே இடத்தில், விரல் அகலத்துக்குத் தின்றிருந்தது.

அந்தக் காருக்குப் புதுக் கேஸ்கெட் மெட்ராஸிலும் கிடைக்காது. பாத்திரக் கடையிலிருந்து மெல்லிய செப்புத் தகடு வாங்கிவந்து, பழையதை அதன்மேல் வைத்துக் கோடு கிழித்து, தையல் கத்தரியால் வெட்டினாள். அடுப்பில் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டாள். அப்படிச் செய்தால் செம்பு இளகிப் பதமாகும். ஹெட்டின் அடிப்பக்கம் லேசாகக் கோணியிருந்தது. பழைய அலமாரிக் கண்ணாடி ஒன்றைத் தரையில் படுக்க வைத்து, வால்வு தேய்க்கும் பசையைத் தடவி, அதன்மேல் ஹெட்டை வைத்து நாள் முழுக்க வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. மறுநாளும் தேய்த்தாள். மேலே வைத்த விரலுக்குத் தண்ணீர்ப் பரப்பு மாதிரித் தட்டையாக வந்த பிறகுதான் விட்டாள். அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள வழியில்லை.

வண்டி எடுக்க வந்த அன்று மழை. ஆத்மநாதன் டிரைவர் சேவுகனோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். வேலை ஏறக்குறைய முடிந்திருந்தது. இன்ஜினை ஓடவிட்டு நன்றாகச் சூடேற்றி, பிறகு ஹெட் நட்டுகளை இன்னொரு சுற்று இறுக்க வேண்டும். செம்பு சூட்டில் படிந்து உட்காரும், அப்போது இறுக்காவிட்டால் மறுபடி கசியும்.

புகை வெளியே போவதற்கு அவர்கள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். காரின் புகைக் குழாயில் நீளமான தகரக் குழாய் ஒன்றைச் செருகி, பின்சுவர் ஓட்டை வழியாக வெளியே விட்டிருப்பார்கள். காற்றுக்குப் பின்கதவும் திறந்திருக்கும். அன்றைக்கு வாசல் பெஞ்சில் இருவருக்குத்தான் நனையாத இடம். சேவுகன் மழைக்கு ஒதுங்கிப் பின்பக்கக் கூரை இறக்கத்தின் கீழே போய் நின்றான். திறந்திருந்த கதவு வழியாக அவன் கால்களைப் பார்த்த வியாகுலமேரி, சத்தமில்லாமல் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிறகு திரும்பி வந்து இன்ஜினைக் கவனித்தாள்.

வெளியே சேவுகன் முகத்தில் புகை அடித்தது. மழையில் நகர்ந்து நிற்க வேறு இடமும் இல்லை. சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த தகரக் குழாயைக் காலால் உள்ளே தள்ளிவிட்டான். அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. உள்ளே குழாய் காரிலிருந்து கழன்று தரையில் விழுந்தது. மழைச் சத்தத்தில் அது அவளுக்குக் கேட்கவில்லை.

வாசலில் ஆத்மநாதன் காதைக் கதவுப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார்.

"என்னமா ஓடுது! நா வாங்குன அன்னைக்குக் கூட இப்படி ஓடலப்பா. ஒன் மச்சான ஒருதரம் பாக்கணும். தூரத்துல நின்னு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிடுறேன்."

"வேணாங்க, கூச்சப்படுவான்" என்று பங்கிராஸ் சொல்லிக்கொண்டே, இரண்டு தட்டுக்காகக் காத்திருந்தான். வரவில்லை. தகரத்தில் மழை பெய்கிறது, தட்டியும் கேட்காமல் போயிருக்கலாம் என்று நினைத்தான். கொஞ்ச நேரம் போயிற்று. சீராக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் லேசாகப் பிசகியது. மறுபடி சீரானது, மறுபடி பிசகியது. நெருப்பில் கோளாறு இல்லை, பெட்ரோலில் கோளாறு இல்லை. நல்ல காற்று இல்லாமல் இன்ஜின் திணறுகிறது. அது விட்ட புகையையே அது குடிக்கிறது. அப்படியென்றால் ஷெட்டு முழுக்கப் புகை.

அவன் எழுந்து கதவைத் தட்டினான்.

"ஞானராஜ்! மச்சான்! இன்ஜின நிறுத்து!"

பதில் இல்லை. இன்னும் பலமாகத் தட்டினான்.

"மச்சான், பின்கதவத் தெற! ஞானராஜ்!"

"என்னப்பா?" என்று ஆத்மநாதன் எழுந்தார்.

பங்கிராஸ் இடுப்பு முடிச்சை அவிழ்த்தான். சாவி கைக்கு வந்தது, பூட்டின் துவாரம் கைக்கு அகப்படவில்லை. இரண்டு தடவை சாவி தப்பிக் கீழே விழுந்தது. மழைத் தண்ணீரில் துழாவி எடுத்தான். அப்போதுதான் அவன் குரல் உடைந்தது.

"வியாகுலம்! ஏ வியாகுலம்!"

சாவியை ஆத்மநாதன் இருக்கும் திசையில் நீட்டினான். "தெறங்கய்யா. எம் பொண்டாட்டி உள்ள இருக்கா. அவதான் இருக்கா, வேற யாரும் இல்ல. தெறங்கய்யா!"

கதவைத் திறந்ததும் புகை முகத்தில் மோதியது. சத்தம் கேட்டு ஓடிவந்த சேவுகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் இன்ஜினை நிறுத்தினான். முன்சக்கரத்தின் ஓரத்தில் ஆண்சட்டை போட்ட ஒரு பெண் சுருண்டு கிடந்தாள். கையில் ஸ்பேனர் இருந்தது. இருவருமாகத் தூக்கிக்கொண்டுவந்து மழையில் கிடத்தினார்கள். எதிர் டீக்கடையில் இருந்தவர்களும் சின்னப்பிள்ளையும் வந்து சுற்றி நின்றார்கள். ஆத்மநாதன் அவர்களை விலகச் சொல்லிவிட்டு, அந்தக் காரிலேயே அவளைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியில் குளிர்ந்த காற்றுப் பட்டுக் கண் விழித்தவள் வாந்தி எடுத்தாள். "என்னாலதான், நாந்தான் குழாயத் தள்ளுனேன்" என்று சேவுகன் வண்டி ஓட்டியபடியே புலம்பிக்கொண்டு வந்தான்.

சாயங்காலம் கட்டில் ஓரத்தில் பங்கிராஸ் உட்கார்ந்திருந்தான்.

"நா கூப்பிட்டது ஒனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"பின்ன ஏன் ஒரு சத்தங்கூடக் குடுக்கல?"

"ஞானராஜ்னுல கூப்பிட்டீங்க. அவன் போவான்னு இருந்துட்டேன்."

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. தலை கனத்த மயக்கத்தில் அவளுக்கு உண்மையாகவே அப்படித்தான் தோன்றியிருக்கிறது. பங்கிராஸ் கட்டிலின் இரும்புக் காலைத் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

செய்தி அன்றைக்கே ஊருக்குள் பரவிவிட்டது. சிலர் சிரித்தார்கள். நாலு வருஷம் ஏமாந்தோமே என்று சிலருக்குக் கோபம். டாக்ஸிக்காரர் ஒருவர் ஷெட்டு வாசலில் நின்று, "அப்ப என் வண்டி பிரேக்க யாருய்யா பாத்தது?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த பிரேக் அதுவரை நன்றாகத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. மறுநாளிலிருந்து அவர் வேறு இடத்தில் வண்டி விட்டார். சின்னப்பிள்ளைதான் அதிகமாக வருத்தப்பட்டாள். பெண் வீட்டாரிடம் பேச்சை எடுத்துவிட்டிருந்தாளாம். வேலியோரம் வருவதையே நிறுத்திவிட்டாள்.

வண்டிகள் வரவில்லை. வியாகுலமேரிக்குத் தலைவலி விடாமல் இருந்தது. இருவரும் அந்த ஒற்றை அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

கார்த்திகை பிறந்து ஆத்மநாதன் வந்தார். காரை வாசலில் நிறுத்தச் சொல்லி இறங்கி, பங்கிராஸைத் தாண்டி, வீட்டு வாசலில் நின்ற அவளிடமே பேசினார்.

"அந்த நட்டெல்லாம் இன்னொரு சுத்து இறுக்கணும்னு பங்கிராஸ் சொன்னாரேம்மா. மீதி வேலைய முடிச்சுக் குடுத்துடு. சேவுகன் தொடவே பயப்படுறான்."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஷெட்டுக் கதவுகள் இரண்டையும் திறந்து வைத்துத்தான் அன்றைக்கு வேலை நடந்தது. டீக்கடைக் கூட்டம் முழுவதும் ரோட்டைத் தாண்டி வந்து நின்றது. யார் கண்ணிலும் படாமல் பழகிய கைகள் அவளுடையவை. பத்துப் பேர் பார்க்கும்போது எந்த நட்டு முதலில் என்பதே மறந்துபோயிற்று. ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி இடித்துக்கொண்டது. யாரோ சிரித்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இருட்டில் கை தானாக வழி கண்டுபிடித்தது. நடுவில் ஆரம்பித்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக, ஓரம் வரைக்கும் இறுக்கி முடித்தாள்.

ஆத்மநாதன் இன்ஜினை ஓடவிட்டுக் கேட்டார். "அதே கைதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வண்டிகள் வந்தன. முதலில் வந்தவை, வேறு யாரும் தொடமாட்டேன் என்று கைவிட்ட வண்டிகள். மீமிசலிலிருந்து மீன் ஏற்றி வரும் வேன்காரர்கள், ஐஸ் உருகும் அவசரத்தில், யார் பார்க்கிறார்கள் என்று கவலைப்படாமல், "அக்கா, சீக்கிரம்" என்று விட்டுவிட்டு நின்றார்கள். ஆனால் ரோட்டில் போகிறவன் எவனும் இரண்டு நிமிஷம் நிற்காமல் போகவில்லை. ஷெட்டைத் தாண்டும்போது பஸ்ஸிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. குனிவதற்கும் படுப்பதற்கும் யோசிக்க வேண்டியிருந்தது. காருக்கு அடியில் போகும்போது பங்கிராஸை முன்னால் ஒரு கோணிப் படுதாவைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னாள். அவன் மறுபேச்சில்லாமல் நின்றான். பலகையில் அவன் பெயர்தான் இருந்தது, அதை மாற்ற இருவருக்கும் தோன்றவில்லை.

பொய் போய்விட்டது, இனிப் பிள்ளை அங்கே இருக்க என்ன காரணம் என்று ஒருநாள் அவள் ஆவூருக்குப் பஸ் ஏறினாள். புதுப் பாவாடை ஒன்று தைத்து எடுத்துப் போனாள். அளவு சிறிதாகிவிட்டது, பிள்ளை அவள் நினைத்ததைவிட வளர்ந்திருந்தது. அற்புதமேரி சாப்பாடு போட்டாள், நன்றாகப் பேசினாள், பிள்ளையின் துணிகளைக் கேட்டபோது மட்டும் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஞானசெல்வி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாடா கண்ணு. அங்க நல்ல கான்வென்ட் இருக்கு. அப்பா ஒன்னத் தேடுறாரு."

"அப்பாவுக்குத்தான் கண்ணு தெரியாதே?"

"கண்ணு தெரியலன்னா தேட மாட்டாங்களா?"

பிள்ளை யோசித்தது. "பரீட்ச முடிஞ்சு லீவுக்கு வாரேன்" என்றது, விருந்தாளி வீட்டுக்குச் சொல்வது போல. "அம்மாவையும் கூட்டிட்டு வாரேன்."

அவள் எந்த அம்மாவைச் சொல்கிறாள் என்று வியாகுலமேரி கேட்கவில்லை. கடைசி பஸ்ஸுக்கு முன்னாலேயே கிளம்பி வந்துவிட்டாள்.

வாசலில் பங்கிராஸ் எழுந்து நின்றான். ஒரே ஒருவரின் காலடிதான் அவனுக்குக் கேட்டது.

"வரலையா?"

"லீவுக்கு வருவாளாம்."

"நா போயிக் கூப்பிட்டா வருவாளா வியாகுலம்?"

"நீங்க தனியா எப்படிப் போவீங்க? நாந்தான் கூட்டிட்டுப் போவணும். ரெண்டு பேரும் போனா வண்டிய யாரு பாக்குறது?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ரோட்டிலிருந்து ஹார்ன் அடித்தது. மூன்று சிலிண்டரில் ஓடி வந்த லாரி ஒன்று ஷெட்டு முன்னால் இழுத்து நின்றது. அவள் பைக்குள்ளிருந்த பாவாடையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். வளையலைக் கழற்றினாள். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய், "பானெட்டத் தூக்குங்க" என்று டிரைவரிடம் சொன்னாள்.